நாலு சுவிட்சும் கீழே

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மந்தைவெளியில் வீட்டு முன்னறையிலேயே ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தவன். பெட்டியில் யாரோ பேசுகிறார்கள் என்று எவராவது தூக்கிக்கொண்டு வந்தால், பக்கத்து வீட்டு அலைவரிசை என்று சொல்லி அனுப்புவேன். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் இது நடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் என் மச்சினன் துபாயிலிருந்து ஒரு கார்ட்லெஸ் போன் கொண்டுவந்தான். அதில் ஹேண்ட்செட்டின் பேட்டரி மூடிக்குள் நாலு குட்டி சுவிட்ச், கரண்டில் செருகி வைக்கிற பேஸின் அடியிலும் அதே மாதிரி நாலு. இரண்டு பக்கமும் ஒத்துப்போனால்தான் பேசும், அதுதான் பூட்டு. புதிதாக வரும்போது நாலும் கீழே இருக்கும், மாற்றாவிட்டால் அக்கம்பக்கத்தில் எவன் வீட்டு போனோ நம் கையில் அடிக்கும். ஊருக்கெல்லாம் மாற்றிக் கொடுத்த நான் என் வீட்டில் மாற்றவில்லை. காரணம், போனோடு வந்த பாலிதீன் உறையைப் பிரிக்க என் மனைவி கலா விடவில்லை. அழுக்காகிவிடுமாம்.

எங்கள் பெண் வித்யாவுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி, மூன்றே முக்காலுக்குத் தனியாக நடந்து வருவாள். ஒருநாள் அந்த நேரத்துக்கு போன் அடித்தது, எடுத்தால் கரகரவென்று ஓர் ஆண் குரல்.

"பாப்பா வந்துச்சா நைனா?"

யாரென்று கேட்டேன், வெறும் இரைச்சல். மறுநாளும் அதே நேரம், அதே கேள்வி, அதற்கடுத்த நாளும். பேய் என்று நான் நினைக்கவில்லை, அதைவிட மோசமாக நினைத்தேன். எவனோ லைனில் புகுந்து என் பெண் வருகிற நேரத்தை நோட்டம் பார்க்கிறான். உறையைக் கிழித்து இரண்டு பக்கமும் சுவிட்சுகளை மாற்றி, பேட்டரி மூடிமேல் வெள்ளை டேப் ஒட்டி, டேப்பிலும் செட்டிலுமாகச் சேர்த்து ஒரு கையெழுத்தும் போட்டேன். குரல் நின்றது. பத்து நாள் நானே போய் வித்யாவைக் கூட்டிவந்தேன், அப்புறம் பூட்டை நம்பிப் பழையபடி தனியாக வரவிட்டேன். அந்தப் புத்தியை இன்னும் திட்டிக்கொள்கிறேன்.

ஐப்பசி மாதம், மதியத்திலிருந்து கொட்டுகிற மழை, தெருவில் முழங்காலளவு தண்ணீர். நாலு மணியாகியும் வித்யாவைக் காணோம். பள்ளியில் நிறுத்திவைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், போன் அடித்தது.

"நைனா, பாப்பா முனைல பள்ளத்தாண்ட கீது. ஓடு."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் தண்ணீருக்கடியில் தெரியாமல் கிடந்தது. என் குழந்தை கழுத்துவரை அதற்குள் நின்று, தடுப்புக் கட்டையை ஒரு கையால் பிடித்திருந்தாள். கத்தக்கூட அவளிடம் தெம்பில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் தூக்கினேன், நடுத்தெருவில் நின்று அழுதேன்.

வீட்டில் அவளுக்குத் தலை துவட்டும்போது கலா மெழுகுவத்தியை எடுத்து வந்தாள், அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதியம் ஒரு மணியிலிருந்தே தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. பேஸுக்குக் கரண்ட் இல்லாமல் ஹேண்ட்செட் அடிக்கவே அடிக்காது. நம்பினால் நம்புங்கள், அதுதான் என் தொழில்.

ஹேண்ட்செட்டைத் திருப்பிப் பார்த்தேன். டேப் அப்படியே, கையெழுத்தும் கோணாமல் அப்படியே. பிரித்தேன். நாலு சுவிட்சும் கீழே இருந்தன.

அவற்றை நான் மறுபடி தொடவில்லை. திருடன் என்று நினைத்து விரட்டிவிட்டோமே, ஒரு வார்த்தை நன்றியாவது சொல்ல வேண்டும் என்று தினமும் அந்த நேரத்துக்குப் போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் குரல் வரவே இல்லை.

இப்போது ஆதம்பாக்கத்தில் இருக்கிறோம். போன மாதம் வைஃபை போட்டோம். வித்யா பெங்களூரிலிருந்து பேசினாள், பாஸ்வேர்டு போடாவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடுவார்கள் என்றாள். ராத்திரி நானே போட்டேன். காலையில் பார்த்தால் பூட்டில்லாமல் திறந்திருக்கிறது.

திரும்பப் போட எனக்குக் கை வரவில்லை. வித்யாவின் பெண்ணுக்கு இப்போது எட்டு வயது. அன்றிலிருந்து தினமும் மூன்றே முக்காலுக்கு நான்தான் பெங்களூருக்கு போன் செய்து கேட்கிறேன், பாப்பா வந்துட்டாளா என்று.