மூன்றாவது தடவை

வேலை முடிந்து வெளியே வரும்போது மணி நாலரை. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்துக்கு நான் தாதியாக மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே எல்லாருக்கும் நான் ‘மிஸ்ஸி’. அன்றைக்கு பஸ் வரவில்லை. ஆற்றோரப் பாதையில் நடந்தால் டவுனுக்கு முக்கால் மணி நேரம்தான் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. காத்திருக்கும் பொறுமை எனக்கு எப்போதுமே கிடையாது. இறங்கிவிட்டேன்.

பங்குனி மாதம். முருக்க மரங்களில் இலை ஒன்றுகூட இல்லை, பூ மட்டும் சிவப்பாக நின்றது. மழை இல்லாமல் ஆறு இளைத்துப்போய், கற்களுக்கு நடுவே சத்தமில்லாமல் ஓடியது. முதல் பத்து நிமிடம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இந்தப் பாதையை இத்தனை நாள் விட்டுவைத்தோமே என்றுகூட நினைத்தேன். அப்புறம் மலை வெயிலை மறைத்தது. அந்தப் பள்ளத்தில் ஐந்து மணிக்கே அந்தி. முன்னாலும் பின்னாலும் ஆள் நடமாட்டமே இல்லை.

அப்போதுதான் பின்னால் எங்கிருந்தோ ஒரு குரல்.

“மிஸ்ஸி...”

நின்றேன். திரும்பவில்லை.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த எங்களுக்கு இது சோற்றோடு ஊட்டப்பட்டது. அந்தி நேரத்தில், ஆளில்லாத இடத்தில், பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பக் கூடாது. “மனுசன்னா மூணு வாட்டி கூப்பிடுவான். மத்ததுக ரெண்டோட நிப்பாட்டிக்கிரும்” என்பாள் அம்மா. நானோ ஊசி போடுகிறவள். காய்ச்சல் பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு என்னிடம் வரும் தாய்மாரை நிற்கவைத்துத் திட்டுகிறவள். அந்த வாயெல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

“மிஸ்ஸி...” இரண்டாவது தடவை. முன்னதைவிட மெல்லக் கேட்டது.

இந்தப் பாதையில் என்னை யாருக்குத் தெரியும்? இன்னொரு தடவை கூப்பிடட்டும், ஓடிப்போய்ப் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன். மூன்றாவது குரல் வரவில்லை. டவுன் விளக்குகள் தெரியும்வரை ஒரே ஓட்டம். கைப்பையில் கட்டுத்துணியும் வலி மாத்திரையும் கிடந்தன.

மறுநாள் காலை மருந்தகத்தில் ஒரே பேச்சு. பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு ஆற்றோரம் விறகு பொறுக்கப்போன ஓர் அம்மா, பாறை இடுக்கில் வழுக்கி விழுந்து, பாதி உடம்பு தண்ணீரில் கிடந்திருக்கிறார். இருட்டிய பிறகு மகன் தேடிப்போய்த் தூக்கி வந்து, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். போன வாரம்தான் அந்த அம்மாவுக்கு நான் பிரஷர் மாத்திரை கொடுத்திருந்தேன். என்னைத் தெரியாமல் எப்படி இருக்கும்?

யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தக் குரல் என்னோடு வந்துவிட்டது. மாத்திரை எண்ணும்போது, பஸ்ஸில் சீட்டு பிடிக்கும்போது, சோற்றை வடிக்கும்போது இரண்டு தடவை கேட்கும். நான் கையை நிறுத்திவிட்டு மூன்றாவதற்குக் காத்திருப்பேன்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா லயத்துக்குத் திரும்பியதும் பார்க்கப் போனேன். தொடையில் கம்பி வைத்திருந்தார்கள். இனி மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது. “வாங்க மிஸ்ஸி, வாங்க” என்று முகம் மலர்ந்து, மருமகளிடம் பிளேன்டீ ஊற்றச் சொன்னார். அந்த உபசாரம்தான் எனக்குத் தாங்கவில்லை.

“அன்னைக்கு ஒங்களத்தான் கண்டேன் மிஸ்ஸி. ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். நீங்க நின்னீங்க.”

“ஆத்துச் சத்தத்துல கேக்கலங்கம்மா.”

பங்குனி ஆற்றுக்கு ஏது சத்தம்? அந்த ஆற்றில் குளித்து வளர்ந்தவரிடமே இந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மூணாவது வாட்டி கூப்பிடணும்னு எனக்கும் தெரியும் மிஸ்ஸி. மூச்சு வரல.”