நாலு மணி நோயாளி

நாலு மணி ஆனதும் நஸ்ரி தன் சன்னல் கண்ணாடிக் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு மாடியேறி வீட்டுக்கு வருவார். கை கால் கழுவிக்கொண்டு, வேலைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இஸ்திரி செய்த, நீலக் கோடு போட்ட பைஜாமாவை மாட்டிக்கொள்வார். முன்னறையில் சன்னலோரமாக ஒரு சாய்வு நாற்காலி, முதுகுக்கு ஒரு தலையணை. எதிரே ஆறு நாற்காலிகள், நடுவில் சாக்லேட் தட்டு. காலைக் கொஞ்சம் நீட்டி, முகத்தைக் கொஞ்சம் வாட வைத்துக்கொண்டு ஆறு மணி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஆறடித்தால் பைஜாமாவை மடித்து வைத்துவிட்டுப் பால்கனித் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார்.

நோய் விசாரிக்க யாராவது வருவார்கள் என்றுதான் இவ்வளவு ஏற்பாடும். ஸஹ்லே நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் இந்த ஊரில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினாலே போதும், தெருவே திரண்டு வந்துவிடும். ஒரு கிலோ காப்பித்தூள், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு சாக்லேட் பெட்டி. நோயாளி பைஜாமாவோடு உட்கார்ந்திருக்க வேண்டும், வந்தவர்கள் அவரைவிட அதிகமாக முனக வேண்டும். நஸ்ரியே இப்படி எத்தனையோ வீடு ஏறி இறங்கியவர். குடல்வால், முழங்கால், கண்புரை என்று ஒன்றையும் விட்டதில்லை. அவருடைய நோய்க்குத்தான் ஒருவரும் படியேறவில்லை.

அவருடைய நோய் குடி.

கடலைப் பார்த்த மலை ஒன்றின் மேல் இருக்கும் ஒரு சிகிச்சை விடுதியில் நாற்பது நாள் கிடந்துவிட்டு வந்தவர். அங்கே இருந்த சின்ன வயது டாக்டரம்மா, "இது நோய், மாமா. சர்க்கரை மாதிரி. போகாது, ஆனா அடங்கிக் கிடக்கும்" என்று சொன்னபோது ஐம்பத்தெட்டு வயது மனிதர் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். முப்பது வருஷமாக அவர் கேட்டதெல்லாம் திமிர், கொழுப்பு, வெட்கங்கெட்டவன் என்கிற பேர்கள்தான். நோய் என்பது அவருக்குப் பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. ஊருக்குத் திரும்பிய அன்றே போய் பைஜாமா வாங்கினார்.

ஊர் அந்தப் பட்டத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கடைக்குப் பக்கத்தில் முடி வெட்டும் தன்னூஸ், நஸ்ரியோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். வாயும் கத்திரிக்கோலும் ஒரே வேகத்தில் ஓடும் அவருக்கு.

"ஏன்டா, புத்துநோயை எவனாவது கிளாஸ்ல ஊத்தி, ஐஸ் போட்டு, பக்கத்துல பிஸ்தா வச்சுக்கிட்டு குடிப்பானா? அரக் நோய்னா நம்ம ஊரே ஆஸ்பத்திரிதான்!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தன்னூஸ் சொன்னதில் பாதி உண்மை. இலையுதிர் காலம் வந்தால் இங்கே அரக் என்கிற சோம்புச் சாராயம் காய்ச்ச வீட்டுக்கு வீடு செம்புக் கொப்பரை ஏறும், தெரு முழுக்கச் சோம்பு மணக்கும். சாராயம் காய்ச்சுவது பெருமை, குடிப்பது மரியாதை. குடித்து விழுவதுதான் கேவலம். அந்த நாளில் நஸ்ரி கண்ணாடி மாட்டப் போகிற வீடுகளில் முதலில் ஒரு கிளாஸ் அரக் நீட்டுவார்கள். அது உள்ளே போனால்தான் அவர் கை நடுக்கம் நிற்கும், கண்ணாடியில் கோடு நேராக விழும். "நஸ்ரிக்கு ஒரு கிளாஸ் ஊத்துங்கப்பா, இல்லாட்டி சன்னல் கோணிடும்" என்று வேடிக்கை வேறு. ஊற்றிய கைகள்தான் பிற்பாடு விரல் நீட்டின. இதைச் சொன்னால் ஊரில் என்னோடு பேச்சை நிறுத்துவார்கள், நிறுத்தட்டும்.

மனைவி வர்தேயின் கட்சி தனி. "நோயா? அப்ப முப்பது வருஷமா நான் வாந்தி துடைச்சது நர்ஸ் வேலையா? எனக்கு யாரும் வெள்ளை உடுப்பு தைச்சுத் தரலியே!" என்பார். ஆனாலும் பைஜாமாவுக்கு இஸ்திரி போடுவது அவர்தான். மகன் வதீ ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, அப்பாவோடு பேசுவதில்லை. வீட்டில் இருவர்தான். நாலு மணிக்கு ஒருவர் முன்னறையில் காத்திருப்பார், இன்னொருவர் அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் ஆய்வார். கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் நிமிர்வார்கள். சத்தம் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

வர்தேயால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒருநாள் கேட்டுப் பார்த்தார்: "பித்தப்பையில கல்லுன்னு சொல்லிட்டா என்ன, நஸ்ரி? ஆபரேஷன் ஆச்சுன்னு சொல்லுவோம். நாளைக்கே ஊரு வரும்."

"கல்லுக்கு வர்றவங்க கல்லைப் பாக்க வர்றாங்க. என்னைப் பாக்க இல்ல."

"வந்தா போதாதா உனக்கு?"

"போதாது."

பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. குடித்ததும் அந்தப் பிடிவாதத்தோடுதான், விட்டதும் அதோடுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்த வர்தே யார் காதில் என்ன போட்டாரோ, செவ்வாய்க்கிழமை நாலேகாலுக்கு வாசல் மணி அடித்தது. முதலில் வந்தது வாழைப்பழம், பின்னால் தன்னூஸ். அப்புறம் தன்னூஸின் பெண்டாட்டி, எதிர் வீட்டுக்காரர்கள், ஊரில் ஒரு நோயாளியையும் விட்டுவைக்காத உம் மிலாத் கிழவி. ஆறு நாற்காலி போதாமல் அடுப்படி முக்காலியும் முன்னறைக்கு வந்தது. நஸ்ரியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாட வைத்துக்கொள்ள மறந்தே போனார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா, அபு வதீ?" என்று, ஊர் வழக்கப்படி வதீயின் அப்பா என்று அழைத்து, எதிர் வீட்டுக்காரர் கேட்டார்.

"முதல் பத்து நாள்தாங்க நரகம். உடம்பு முழுக்க நடுக்கம். இன்னிக்கு எழுபத்தோராவது நாளு."

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். தன்னூஸ்கூட, "தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான்டா தெரியும்" என்று அவர் முழங்காலைத் தட்டினார். நஸ்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் கடைசியில் புரிந்துகொண்டது என்றே நினைத்தார் பாவம்.

உம் மிலாத் காப்பியை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "டப்பால போட்டுக் குடுத்திருப்பாங்களே, எங்க, எடு பாப்போம். எங்க வீட்டுக்காரருக்கு எடுத்தது கொண்டைக்கடலை அளவு இருந்துச்சு. இன்னும் அலமாரியிலதான் இருக்கு."

"எதை உம் மிலாத்?"

"கல்லைத்தான்!"

நஸ்ரி வர்தேயைப் பார்த்தார். வர்தே காப்பித் தட்டைப் பார்த்தார். அறையில் பதினொரு பேர். சும்மா சிரித்து, கல்லை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் போதும், நாளைக்கும் வருவார்கள். 'வேண்டாம், சொல்லாதே' என்று வர்தேயின் கண் கெஞ்சியது.

"கல்லு இல்ல, உம் மிலாத்" என்றார் நஸ்ரி. "நான் குடிகாரன். அதுக்குத்தான் வைத்தியம். நோய் அதுதான்."

தன்னூஸ் அவர் முழங்காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எதிர் வீட்டுக்காரிக்கு அடுப்பில் வைத்த ரொட்டி நினைவுக்கு வந்தது. இன்னொருவருக்கு யாரோ போன் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். "இதுக்குப் போயா என்னை மூணு மாடி ஏற வச்சே?" என்று உம் மிலாத் வாய்விட்டே வர்தேயைக் கேட்டார். கால் மணி நேரத்தில் அறை காலி. கொண்டுவந்த பழத்தை யாரும் எடுத்துப் போகவில்லை, அந்த அளவுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள்தான்.

நஸ்ரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். குடித்துக்கொண்டிருந்த நாளில்கூட இப்படி ஒரு தனிமை இருந்ததில்லை அவருக்கு. அப்போது கூட உட்கார ஆள் இருந்தது.

வர்தே ஆறிப்போன கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு படுக்கையறையில் அலமாரி திறக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து வாசல் கதவு திறந்து மூடியது. இவளும் போய்விட்டாள் என்று நஸ்ரி நினைத்தார். அவள்மேல் குற்றம் சொல்லத் தோன்றவில்லை.

மணி அடித்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. திரும்பவும் அடித்தது. போய்த் திறந்தார். வாசலில் வர்தே நின்றிருந்தார். பூசைக்குப் போடுகிற கறுப்புக் கவுன், குதிகால் செருப்பு, உதட்டில் லேசாகச் சாயம், கையில் கைப்பை.

"உள்ள வரலாமா, அபு வதீ?"

வழி விட்டார். அவர் போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும், வர்தே எதிரே இருந்த நாற்காலியில் முழங்காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தார். கைப்பை மடியில் இருந்தது.

"உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன்" என்றார். "என்ன நோவு?"

"குடி" என்றார் நஸ்ரி.

"எத்தனை நாளா?"

"முப்பது வருஷமா."

"முப்பது வருஷம்" என்று வர்தே தலையை ஆட்டினார். "கூட இருந்து பாத்துக்க யாராச்சும் இருந்தாங்களா?"

நஸ்ரி சாக்லேட் தட்டை எடுத்து வர்தே பக்கம் நீட்டினார். வர்தே கைப்பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.