பதினொரு பேர் வரவில்லை

ஐம்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழி வெள்ளம் வடிந்துகொண்டிருந்த நாட்களில் இது நடந்தது. உருத்திரபுரத்துக்கு அப்பால் ஒரு குடியேற்றத் திட்டத்தில், கூட்டுறவுச் சங்கத்தின் எழுதுவினைஞனாக நான் வேலை பார்த்தேன். வயது இருபத்தாறு. எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு அப்போதே நித்திரை வராது. இப்போது எண்பத்தொரு வயது. அந்தப் பழக்கம் குறையவில்லை.

திட்டத்தில் நூற்று முப்பது குடும்பங்கள். பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். வயல் எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது. பரந்தனில் இருந்த ஒரு களஞ்சியத்திலிருந்து புதன்கிழமைதோறும் லொறியில் நிவாரண அரிசி வரும். குடும்பத்துக்குப் பன்னிரண்டு கொத்து. அதை அளந்து கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. லொறி நான்கு மணிக்குத் திரும்பிவிடும். மிஞ்சிய அரிசியையும் அதே லொறியில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது கட்டளை.

முதல் கிழமைக்கு முன்பே ஒரு ஒழுங்குமுறை வகுத்துவிட்டேன். காணி இலக்கப்படி ஒன்றிலிருந்து கூப்பிடுவது. ஒரு குடும்பத்துக்கு மூன்று நிமிடம். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மூன்றரைக்கு முடியும். அப்படியே முடிந்தது. தள்ளுமுள்ளு இல்லை, சண்டை இல்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பட்டியலில் பதினொரு பேருக்கு நேரே மட்டும் ‘வரவில்லை’ என்று எழுதினேன். இரண்டாம் கிழமையும் அதே பதினொரு பேர்தான் இல்லை. நூற்று இருபதிலிருந்து நூற்று முப்பது வரை, வரிசையாக.

வரிசையாக இருப்பதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தேவையில்லாதவர்கள் வரவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அடுத்த கிழமைக்குப் பதினொரு பங்கைக் குறைத்து அனுப்பும்படி ஒரு கடிதம் எழுதி லொறிச் சாரதியிடமே கொடுத்துவிட்டேன். அரசாங்க அரிசியை வீணாக ஏற்றி இறக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

கடிதம் போன பிறகு மனம் அரிக்கத் தொடங்கியது. நாளைக்கு யாராவது கேட்டால் ஆதாரம் வேண்டுமே! செவ்வாய்க்கிழமை காலை, பதினொரு பேரிடமும் ‘எங்களுக்கு நிவாரணம் தேவையில்லை’ என்று ஒரு கையெழுத்து வாங்கிவிடலாம் என்று சைக்கிளில் புறப்பட்டேன்.

அவர்களுடைய காணிகள் வாய்க்காலின் கடைசியில், காட்டோரமாக இருந்தன. சங்கக் கட்டடத்திலிருந்து ஐந்து மைல். மூன்று இடத்தில் வாய்க்கால்கட்டு உடைந்திருந்தது. ஒரு இடத்தில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தேன். வழியில் யானை இலத்தி ஏழு இடத்தில் கிடந்தது. போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது.

முதலில் ஆள் நடமாட்டம் கண்ணில் பட்டது நூற்று இருபத்தேழாம் காணியில். ஒரு பெண் முற்றத்தில் உரலில் நெல் குற்றிக்கொண்டிருந்தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். கொட்டிலுக்குள் அவருடைய கணவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். மூன்று பிள்ளைகள் உரலையே பார்த்துக்கொண்டிருந்தன.

“என்ன தம்பி இவ்வளவு தூரம்? அரிசி தர வந்தனீங்களோ, பேர் எழுத வந்தனீங்களோ?”

“ஒரு கையெழுத்து வேணும் அக்கா. உங்களுக்கு அரிசி தேவையில்லை எண்டு.”

உலக்கை நின்றது.

“ஆர் சொன்னது தேவையில்லையெண்டு?”

“நீங்கள் ரெண்டு கிழமையும் வரேல்லையே.”

“வந்தனான். ரெண்டு கிழமையும் வந்தனான். ரெண்டு மணிக்கு உங்கட மேசைக்கு முன்னால வந்து நிண்டு, நான் போகவேணும் தம்பி, எனக்குத் தாங்கோ எண்டு கேட்டனான். நீங்கள் தலையை நிமித்தினால்தானே! ‘நூறாம் நம்பர்தான் நடக்குது, உங்கடயைக் கூப்பிடேக்க வாங்கோ’ எண்டனீங்கள்.”

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். ஒன்பதிலிருந்து இரண்டு வரை முந்நூறு நிமிடம். மூன்றால் பிரித்தால் நூறு. அவா சொன்னது அச்சொட்டாகச் சரி.

இரண்டு மணிக்குப் புறப்பட்டால்தான் சுமையோடு உடைப்புகளைக் கடந்து, யானை இறங்குமுன் வீடு சேரலாம். அவர்களுடைய இலக்கங்களை நான் கூப்பிட்டதோ மூன்று மணிக்கு. பதினொரு பேரும் வெறும் பையோடு திரும்பியிருக்கிறார்கள். அவர்களுடைய அரிசி லொறியில் திரும்பியிருக்கிறது.

குற்றிக்கொண்டிருந்த நெல்லைப் பார்த்தேன். அது விதைநெல். வெள்ளம் வடிந்ததும் திரும்ப விதைப்பதற்காகப் பரணில் காப்பாற்றி வைத்தது. ஆறு புசல் இருந்ததாம். நான்கு மிச்சம். இன்னும் இரண்டு மூன்று கிழமை இப்படிப் போனால் விதைக்க ஒன்றும் இராது.

“சிறுபோகத்திலை குளம் வத்தினால் முறைத்தண்ணி எங்கயிருந்து விடுறது?” என்று கேட்டா.

“கடைசிக் காணியிலயிருந்து.”

“அந்த அறிவித்தலை எழுதி ஒட்டுறது ஆர்?”

நான்தான். வருடா வருடம் என் கையால் எழுதி ஒட்டுவேன். மேலே இருப்பவன் முதலில் மறித்துவிட்டால் கீழே ஒரு சொட்டும் போகாது என்று, தண்ணீர் குறைந்தால் வாய்க்காலின் கடைசியில் தொடங்குவது எங்கள் திட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம்.

“தண்ணிக்கு ஒரு புத்தி, அரிசிக்கு ஒரு புத்தியோ தம்பி?”

பதில் சொல்ல நின்றால் நேரம் போய்விடும். என் கடிதம் பரந்தனில் இருந்தது. புதன்கிழமைக்கான அரிசியை அங்கே செவ்வாய் மூன்று மணிக்குத்தான் பிரித்து ஏற்றுவார்கள், அதற்குள் கடிதத்தைத் திருப்பி வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம். மணிக்கூட்டைப் பார்த்தேன், பத்தரை. திரும்ப அதே உடைப்புகள், அதே தண்ணீர், பிறகு பரந்தன் வரை றோட்டு. வழியில் ஒரு தடவை செயின் கழன்றது, ஒரு தடவை விழுந்தேன். களஞ்சிய வாசலில் இறங்கும்போது இரண்டு நாற்பது. நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று ஒரு மூச்சு விட்டேன்.

களஞ்சியப் பொறுப்பாளர் பருத்த மனிதர். என் கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

“நீர்தானே ஐசே எழுதினது? நல்ல வடிவான எழுத்து. அதின்படி உம்மட பதினொரு பங்கையும் துணுக்காய்க்குப் போற லொறியிலை ஏத்தியாச்சு. மத்தியானமே வெளிக்கிட்டிட்டுது.”

“மூண்டு மணிக்கெல்லோ ஏத்துறது?”

“உமக்குக் கிட்ட. துணுக்காய் தூரம். தூரத்து லொறியைத்தானே முதல் விடவேணும்!”

ஒரே நாளில் இரண்டாவது தடவை அதே பாடம். வேறு அரிசி தர முடியாது என்றார். “அங்க இருக்கிற சனத்துக்கும் பசிதானே” என்றும் சொன்னார்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். வரப்போவது நூற்றுப் பத்தொன்பது பங்கு, அதாவது ஆயிரத்து நானூற்று இருபத்தெட்டுக் கொத்து. நூற்று முப்பது குடும்பத்துக்கும் பதினொரு கொத்துப்படி கொடுத்தால் ஆயிரத்து நானூற்று முப்பது வேண்டும். இரண்டு கொத்துக் குறைகிறது. அதை என் குசினியிலிருந்து எடுத்துப் பையில் கட்டினேன்.

புதன்கிழமை காலை எல்லோர் முன்னாலும் நின்று, என் பிழை என்று சொன்னேன். குடும்பத்துக்கொரு கொத்துக் குறையும், இன்று நூற்று முப்பதிலிருந்து கூப்பிடப் போகிறேன், கிட்ட உள்ளவர்களுக்குப் பிந்திய நேரம் குறித்திருக்கிறேன் என்றும் சொன்னேன். முதலாம் காணிக்காரர் வழக்கம்போல ஏழு மணிக்கே வந்து முன்னால் நின்றவர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“உம்மட பிழைக்கு என்ரை பிள்ளையள் ஏன் ஒரு கொத்துக் குறையச் சாப்பிடவேணும்?”

நியாயமான கேள்வி. வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் வட்டவிதானை பின்னாலிருந்து சொன்னார்: “தண்ணி குறைஞ்சால் நீ பொறுக்கிறாய்தானே? பேசாமல் வீட்டை போய் உன்ரை வேலையைப் பார். கிளாக்கர் உனக்கு மூண்டரை மணி போட்டிருக்கிறார். இதிலை நிண்டு காயாதை.”

சனம் சிரித்தது. முதலாம் காணிக்காரர் முணுமுணுத்துக்கொண்டு போனார். ஆனால் போனார். அதுதான் எனக்கு ஆச்சரியம். கிட்ட இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கலைந்துவிட்டார்கள். இரண்டு கிழமையும் நூறு பேர் முற்றத்தில் வெயிலில் நின்றார்கள். அன்று எந்த நேரத்திலும் பதினைந்து பேருக்கு மேல் நிற்கவில்லை. நான் பல தடவை எண்ணினேன்.

நூற்று இருபத்தேழாம் காணி அக்கா நான்காவதாக வந்தா. அரிசியை வாங்கிக்கொண்டு, “இண்டைக்குத் தலை நிமிர்ந்திருக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தா. மணி ஒன்பது பன்னிரண்டு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இதை முடிக்க எனக்கும் ஆசைதான். தை மாதம் அந்தப் பக்கம் போனேன். நூற்று இருபத்தேழாம் காணியின் மூன்று ஏக்கரில் இரண்டு பச்சை பிடித்திருந்தது. ஒன்று வெறுமையாகக் கிடந்தது. குற்றித் தின்ற இரண்டு புசல் விதைநெல்லின் நிலம் அது.

இப்போது மகனோடு வவுனியா நகரத்தில் இருக்கிறேன். எங்கள் தெருமுனை மண்டபத்தில் சனிக்கிழமைகளில் வறியவர்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுக்கிறார்கள். முதலில் வந்தவருக்கு முதலில். அதாவது கிட்ட இருப்பவருக்கு முதலில். நான் அழைக்காமலே போய், யார் தூரத்திலிருந்து வந்தது, யாருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தொந்தரவு செய்வேன். பேசாமல் இருக்கட்டும் என்று எனக்கொரு கதிரை போட்டுத் தந்திருக்கிறார்கள். ஆனாலும் அவர்களுடைய தாளில் ஒரு பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று கண்டால் அந்த வெறும் ஏக்கர் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். எழுந்து வாசல்வரை போய்த் தெருவைப் பார்க்காமல் என்னால் இன்றைக்கும் இருக்க முடிவதில்லை.