சைகோனிலிருந்து வந்த மரச்செருப்பு

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த அருளானந்தம் சைகோனில் காய்ச்சல் கண்டு இறந்துபோன செய்தி 1954 கடைசியில் புதுச்சேரிக்கு வந்தது. மனைவி புஷ்பமேரிக்கு அப்போது முப்பது வயது. பிள்ளை இல்லை. கன்னியர் மடத்தில் மேசைவிரிப்புகளுக்குப் பூத்தையல் போட்டுப் பிழைத்தாள்.

அடுத்த ஆண்டு, அருளானந்தத்தோடு ஒரே படையில் இருந்த மூலக்குளத்துச் சக்கரபாணி ஊர் திரும்பி, இறந்தவருடைய தகரப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சைகோனிலிருந்து வந்த சொல்தாக்கள் எல்லாரும் ஏதாவது மரச்சாமான் கொண்டுவந்த காலம் அது. இந்தப் பெட்டியிலும் ஒரு மர எருமை, அரக்கு பூசிய நகைப்பெட்டி. அடியில், பழைய சட்டைக்குள் சுற்றி, உள்ளங்கை அளவில் ஒரு ஜோடி மரச்செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது.

“இது யார் காலுது, அண்ணே?”

சக்கரபாணி தலையைக் குனிந்துகொண்டார்.

“அங்க ஒரு பொம்பளயோட இருந்தாரும்மா. ஒரு பொண்ணு, நாலு வயசு. செருப்பு சின்னதாப் போயிடுச்சு. தூக்கிப்போட மனசு வரல அவருக்கு.”

அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்தினாள். எருமையையும் நகைப்பெட்டியையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். கணவனின் ஆன்மாவுக்காக மாதாமாதம் தேவாலயத்தில் வைத்துவந்த பூசையையும் நிறுத்தினாள். செருப்பை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியவில்லை.

ஒரு வருஷம் கழித்து மூலக்குளத்துக்கு நடந்தே போனாள்.

“அந்தப் புள்ளைக்கு அங்க யாரு இருக்கா? அனுப்பினா நான் வளக்கறேன்னு ஒரு கடுதாசி எழுதுங்க, அண்ணே.”

பிரெஞ்சில் எழுதிய பதில் 1957இல் வந்தது. சக்கரபாணி படித்துச் சொன்னார்: “பொண்ணத் தரமாட்டாளாம். ஆனா அப்பா மூஞ்சி பொண்ணுக்கு மறந்துபோச்சாம். படம் இருந்தா கேக்கறா.”

புஷ்பமேரியிடம் இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான். அதை ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போனாள்.

“ரெண்டு பேரும் வரணுமா?”

“அவரு மட்டும் போதும்.”

படம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. பிறகு போட்ட இரண்டு கடிதங்களும் விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன.

1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் போனாள். குமாஸ்தா நிமிராமல் கேட்டார்:

“பிள்ளைங்க?”

“ஒரு பொண்ணு.”

“பிறப்புப் பத்திரம் இருக்கா?”

“இல்லைங்க.”

“அப்ப எழுத முடியாதும்மா.”

“பரவால்ல” என்றாள். “கேட்டீங்களேன்னு சொன்னேன்.”