களவு என்று நான் சொன்ன ஐந்து வரிகள்

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் 'தொகுப்பு' என்றொரு சொல் நடமாடுகிறது. யாரோ எழுதிய புத்தகத்தை முழுசாக ஜெராக்ஸ் எடுத்து, எழுதியவர் பெயருள்ள பக்கத்தைக் கிழித்துவிட்டு, புது அட்டையில் 'தொகுப்பு' என்று தன் பெயரைப் போட்டால் அவர் தொகுப்பாசிரியர். வகுப்பில் நடத்த வேண்டிய பகுதியைப் பிரதி எடுத்துக் கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது. முழுப் புத்தகத்தையும் தன் பெயரில் விற்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்ற நான் இதைத்தான் பள்ளி பள்ளியாகப் போய்ச் சொல்லி வருகிறேன்.

சென்ற ஆண்டு கருங்கல் என்ற ஊருக்கு அருகே ஒரு பள்ளியில் பேசி முடித்ததும், வரலாற்று ஆசிரியர் பொன்னாடை போர்த்தித் தன் தொகுப்பைக் கையில் தந்தார். புரட்டினேன். மாவட்டக் கோயில்களைப் பற்றிய பழைய நூல் ஒன்று, வரி மாறாமல்.

"பிள்ளைகளுக்கு வேண்டித்தானே சார் செய்யுதோம்" என்றார்.

மேடையில் எதற்குச் சங்கடம் என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்து கட்டுரைப் போட்டி. நான்தான் நடுவர். பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி சமணக் கோயில் உள்ள சிதறால் மலையைப் பற்றி எழுதியிருந்தாள். நடுவே அந்தப் பழைய கோயில் நூலின் ஐந்து வரிகள். மேற்கோள் குறி இருந்தது, நூலின் பெயரும் எழுதியவர் பெயரும் இருந்தன. மலைமேல் உள்ள சுனை கோடையில் வற்றிவிடும் என்கிற வரிகள் அவை. தவறு, சித்திரை வெயிலிலும் தண்ணீரைப் பார்த்தேன் என்று அவள் கீழே மறுத்திருந்தாள். அந்த மறுப்பு வரைக்கும் நான் படிக்கவில்லை. ஐந்து வரிகளைக் கண்டதுமே சிவப்பு மையால் அடித்து, "இது களவு" என்று ஒலிபெருக்கியில் சொன்னேன்.

வாசலில் அவள் என்னை நிறுத்தினாள். அழவில்லை.

"சார், அவரு எழுதுனது சரியில்லன்னு சொல்லணும்னா, அவரு என்ன எழுதியிருக்காருன்னு காட்டாண்டாமா?"

மறுத்து எழுதப் பிறர் வரிகளை எடுத்தாள்வது நியாயமான பயன்பாடு என்பது எனக்குத் தெரியும். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவனே நான்தான். திருடியவரின் பொன்னாடையோடு நின்றுகொண்டு, நேர்மையாகப் பெயர் சொன்னவளைத் திருடி என்றேன்.

தலைமையாசிரியையிடம் தொலைபேசியில் பேசினேன். "விடுங்க சார், சின்னப் பிள்ளதானே, மறந்துருவா" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த வாரம் காலை வழிபாட்டில் அதே ஒலிபெருக்கியில், அவள் செய்தது சரி, நான் சொன்னது தவறு, உங்கள் பள்ளியில் விற்கிற தொகுப்புதான் களவு என்றேன். ஆசிரியர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். வரலாற்று ஆசிரியர் இன்றும் அதை விற்கிறார்.

ஆண்டு மலரில் அவளுடைய கட்டுரை வந்தது. மேற்கோளும் இல்லை, மறுப்பும் இல்லை. அடுத்த ஆண்டு மலரிலாவது சேர்க்கச் சொல்கிறேன், எழுதிக் கொடு என்று போய்க் கேட்டேன்.

"வம்பு வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டாள்.