சவுரி வைக்காத கொண்டைகள்

தலை கட்டுகிற தொழிலில் சீப்பு பிடிப்பது கால் வேலை, எண்ணெய்ப் போத்தலைப் பிடுங்கி வைப்பது முக்கால் வேலை. மாத்தளையில் பதினைந்து வருஷம் கல்யாணப் பெண்களுக்குத் தலை கட்டினேன். என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் மெல்லிய முடிக்காரர்கள். நானும் அப்படித்தான். இதை ஆவலாக வாசிக்கிறீர்கள் என்றால் நீங்களும் அப்படித்தான். நமக்குப் பின்னல் சுண்டுவிரல் மொத்தத்தைத் தாண்டாது. வகிடு எடுத்தால் பாதித் தலை வெளியே தெரியும். துவட்டின துண்டை உதறிப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டுக்காரி முழங்கால் வரைக்கும் பின்னிக்கொண்டு வந்து, "எனக்கும் இப்பல்லாம் ரொம்பக் கொட்டுது" என்று சொல்லும்போது நமக்கு வருகிற கோபம் நமக்குத்தான் தெரியும்.

மாலையோடு வந்தது

நானும் ஒரு நாள் சவுரி வைத்தவள்தான். என் கல்யாணத்தன்று. "இந்த எலிவாலோட மணவறையில உக்காந்தா ஊர் சிரிக்கும்" என்று அத்தை தன்னுடைய ஒட்டுமுடிச் சவுரியைக் கொண்டுவந்து, என் முடியோடு சேர்த்துப் பின்னி, குஞ்சம் வைத்து, இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டார். எனக்கே பெருமை தாங்கவில்லை. நடக்கும்போது அது இரண்டு பக்கமும் ஆடவேண்டும் என்று வேண்டுமென்றே ஆடி ஆடி நடந்தேன்.

கோயில் மண்டபத்தில் மாலை மாற்றினோம். மூன்றாவது தடவை மாப்பிள்ளை என் கழுத்து மாலையை எடுக்கும்போது நார் எங்கேயோ மாட்டிக்கொண்டது. அவர் கொஞ்சம் பலமாக இழுத்தார். மாலை வந்தது, அதோடு பின்னலும் குஞ்சமும் மொத்தமாக வந்துவிட்டது. நாதஸ்வரக்காரர் மட்டும் கவனிக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்படியே ஹோம குண்டத்துக்குள் இறங்கிவிடலாம் போல் இருந்தது. அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் என்னைப் பார்த்திருந்த அந்த மனுஷன், கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்குவமாகச் சுருட்டி, தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பாம்போன்னு பயந்துட்டேன். நம்ம வீட்டுச் சாமான்தானா."

செத்த வீட்டுக்குப் போய்வந்த தலை

அதற்குப் பிறகு சவுரியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் எலிவாலை என்ன செய்வது என்று தெரியவில்லை. செம்பரத்தை இலை, வெந்தயம், சின்ன வெங்காயம் எல்லாம் அரைத்துப் பூசினேன். முடி அப்படியே இருந்தது, வீடுதான் நாறியது.

ஒரு நாள் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். செத்த வீட்டுக்குப் போய்வந்து தலை முழுகினேன். எண்ணெய் வைக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் முடி காயவும் இல்லை. அவசரமாகக் கடைக்குப் போகவேண்டியிருந்தது. அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளிக் குனிந்து நின்று, முடியை முன்பக்கம் போட்டு, விரலால் உதறி உதறிக் காயவைத்தேன். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால் வேறு யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. தளர்வாக ஒரு கொண்டை போட்டேன், அது ஒரு பெரிய தோடம்பழம் அளவுக்கு வந்தது. எண்ணெய்தான் இத்தனை நாளும் என் முடியைத் தலையோடு ஒட்டிவைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கடைக்குப் போகிற வழியில் பரீதா ராத்தா கூப்பிட்டு நிறுத்தினார். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, கல்யாண உடுப்பு தைக்கிறவர், என் தலையை ஏழெட்டு வருஷமாகப் பரிதாபத்தோடு பார்த்துவந்தவர். சுற்றி வந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், சவுரி இருக்கிறதா என்று விரலை விட்டுத் தேடியும் பார்த்தார். நான் செத்த வீட்டில் தொடங்கி நடந்ததைச் சொன்னேன். ராத்தா முகத்தை மாற்றாமல் சொன்னார்: "அப்ப உங்கட தலை நல்லா தெரியோணும் எண்டா ஊருல யாராவது மௌத்தாகோணும்."

வடை வாசம்

உடுப்புத் தைக்க வருகிற பெண்களை ராத்தா என்னிடம் அனுப்பத் தொடங்கினார். முதலில் வந்தவள் அலுவிகாரையில் கடை வைத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பெண், பெயர் கமலா. அவளுடைய முடி என்னுடையதைவிட மெல்லிசு. கல்யாணத்துக்கு முதல் நாள் தலை முழுகச் சொன்னேன். விடிந்ததும் போய், நடு வகிட்டை விட்டுப் பக்க வகிடு எடுத்து, வேர்ப்பக்கம் சீப்பை எதிர்த்திசையில் விட்டு முடியை எழுப்பி, பின்னலைத் தளர்வாகப் பின்னி, ஒவ்வொரு இழையாக வெளியே இழுத்து அகலப்படுத்தினேன். கமலா கண்ணாடியை விட்டு நகரவில்லை. நான் கை கழுவி ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் கமலாவின் பெரியம்மா நிற்கிறார், கையில் காலிப் போத்தல். "நல்ல நாளும் அதுவுமா பிள்ளை வறண்ட தலையோட உக்காந்திருக்கு" என்று முழுப் போத்தலையும் ஊற்றியிருக்கிறார். முடி மண்டையோடு ஒட்டி, காதோரம் எண்ணெய் வடிகிறது. கமலா அழ, அவள் அம்மா அழ, பெரியம்மா மட்டும் திருப்தியாக நிற்கிறார். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம். முழுக வைத்தால் காயாது. சமையல்கட்டுக்கு ஓடி இரண்டு கை கடலை மா அள்ளிவந்து தலை முழுக்கத் தேய்த்தேன். மா எண்ணெயைக் குடித்தது. சீவிச் சீவி உதறினேன். பிறகு பார்த்தால் முன்னைவிட மொத்தமாக நின்றது. அந்தச் சந்தோஷத்தில் பெரியம்மாவைக்கூட மன்னித்துவிட்டேன்.

எல்லா மாவும் உதிரவில்லை என்பது ஹோமத்தில்தான் தெரிந்தது. தீ எழும்ப எழும்ப, தலையில் மிச்சமிருந்த மாவும் எண்ணெயும் சூடாகி, மணவறையைச் சுற்றி ஒரு வாசம் கிளம்பியது. ஐயர் இரண்டு தடவை மந்திரத்தை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். மாப்பிள்ளை அதுவரைக்கும் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் முதலாகக் குனிந்து அவளிடம் கேட்டாராம்: "உங்க வீட்டுல இப்பவே வடை போட்டுட்டாங்களா?"

பஸ் காற்று

ஆம்பிளைத் தலைக்கு நான் கை வைத்ததில்லை, வாய் மட்டும் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரரோடு கந்தோரில் அடுத்த மேசையில் வேலை செய்த மகாலிங்கம் நாற்பது வயசுக்காரர். தங்கச்சிகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்துவிட்டு அப்போதுதான் தனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார். உச்சியில் பூனை மயிர் மாதிரி கொஞ்சம்தான். இடது காதுக்கு மேலே மட்டும் கொஞ்சத்தை நீளமாக வளர்த்து, உச்சிக்கு மேலாக வலது காதுவரை இழுத்து ஒட்டி வைத்திருப்பார். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தப்பிப்போயிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறார், அவ்வளவும் எழும்பிக் கொடி மாதிரி நின்றிருக்கிறது, அதை அறியாமல் அப்படியே பெண் வீட்டு வாசலில் இறங்கியிருக்கிறார்.

சலூன்காரரை என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டு முற்றத்துக்கே கூட்டிவந்தார். நான் குசினிக் கதவுக்கு இந்தப் பக்கம், அடுப்படியில் நின்று, "அந்த நீளத்தை எடுத்துடுங்க. சுத்திவர ஒட்ட வெட்டுங்க. ஓரத்துல குறைச்சாத்தான் நடுவுல இருக்கிறது எடுபடும்" என்று சொன்னேன். மகாலிங்கம் அந்தக் கற்றையைக் கையால் பொத்திக்கொண்டு, "பத்து வருஷமா வளர்த்தது அக்கா" என்றார். கண் கலங்கியிருந்தது. என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்னை அக்கா என்றதும் எனக்கும் மனசு இளகிப்போனது. கடைசியில் அவரே கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார். வெட்டி முடித்ததும் கன்னமும் கழுத்தும் வெளியே வந்து, தலையில் முடி கூடினாற்போலவே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு பெண் பார்க்கப் போனார். திங்கட்கிழமை கந்தோருக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டோம். சொல்ல முடியாமல் சிரித்துவிட்டு, பெண்ணின் பாட்டன் தன்னைப் பார்த்துக் கேட்டதை அப்படியே சொன்னார்: "தம்பி முன்னால வந்துட்டீங்க, மாப்பிள்ளை எந்த பஸ்ஸுல வாறாரு?"

நெருப்புக் காய்ச்சல்

பரீதா ராத்தாவின் ஒரே மகள் நஸீமா. கலேவெலையில் ஒரு நல்ல குடும்பத்தில் சம்பந்தம் பேசி நாளும் குறித்த பிறகு பிள்ளைக்கு டைபாய்டு, எங்கள் ஊரில் நெருப்புக் காய்ச்சல் என்பார்கள், வந்தது. உயிர் தப்பியது, முடி கொட்டிவிட்டது. மூன்று மாசத்தில் அங்கங்கே குருவிக்குஞ்சு மாதிரி முளைத்திருந்தது, பழைய முடியில் நீளமாக ஒரு பத்து இருபது மெல்லிய கற்றை மட்டும் தொங்கியது. மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியாது. மாப்பிள்ளையின் அக்கா பொல்லாதவர் என்று பேச்சு. ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு தரம் மட்டும் சவுரி வெச்சி விடுங்க. கலியாணம் நிண்டுபோனா என்ட புள்ள தாங்காது" என்றார். எனக்குக் கை கொடுத்தவர் அவர். சரி என்று சொல்லி, மாத்தளை பஜாரில் ஒரு சவுரி வாங்கியும் வந்துவிட்டேன். நஸீமா அதைப் பார்த்தாள். "கலியாணம் முடிஞ்ச பொறகு எத்தின நாளைக்கு இதோட படுக்கிற?" என்று கேட்டாள். நான் சவுரியை வாங்கிவந்த தாளிலேயே திருப்பிச் சுருட்டி வைத்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் அந்த நீளக் கற்றைகளைத் தோளோடு வெட்டினேன். ராத்தா பார்க்கமாட்டேன் என்று அறைக்குள் போய்விட்டார். பழைய வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்து, ஈர முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சுற்றி முடிந்தேன். தலை முழுக்கத் துணி முடிச்சு. காய்ந்தபின் அவிழ்த்தால் சுருண்டு எழும்பும், அதுதான் யோசனை. முடிச்சு அவிழ்க்க நேரம் வந்தபோது வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளையின் அக்கா, சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, "புள்ளைக்குத் தலையில எனத்த, காயமா?" என்று கேட்டார். ராத்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நஸீமாதான் பேசினாள். "நெருப்புக் காய்ச்சல்ல முடி கொட்டிப்போச்சு. மிச்சம் இவ்வளவுதான். இதையும் இவங்க ஊதிக் காட்டப்போறாங்க. வேணாம் எண்டா இப்பவே சொல்லுங்க" என்றாள். தலை குனியவில்லை.

அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவிழ்க்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். சுருள் சுருளாக எழும்பியது. விரலால் பிரித்துவிட்டு, வகிட்டை நேர்கோடாக எடுக்காமல் வளைத்து வளைத்து எடுத்தேன், தலைத்தோல் மறைந்தது. முகத்தைச் சுற்றி முடி நிறைந்து நின்றது. பிள்ளை சித்திரம் மாதிரி இருந்தாள். அந்த அம்மா கையை நீட்டி ஒரு சுருளை இழுத்துப் பார்த்தார். பிறகு எழும்பிக் கதவைச் சாத்தினார், தன் முக்காட்டை எடுத்தார், தலையிலிருந்து நாலைந்து ஊசியை உருவினார், தேங்காய் அளவுக்கு இருந்த கொண்டையை அப்படியே கழற்றி மேசையில் வட்டிலப்ப இனிப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே என்னுடைய முடியைவிடக் குறைவு. நாங்கள் வாய் திறக்கும் முன் அவரே சொன்னார்: "பன்னெண்டு வருஷமா இதச் சுமக்கிறேன், தம்பிக்கும் தெரியாது. மிச்சத் துணி இரிக்கிதா, எனக்கும் சுத்திவிடுங்க."

மூன்றாவது வரிசை

பிறகு பஃப் வைக்கிற காலம் வந்தது. முன்முடியை வேரில் எதிர்த்துச் சீவி, மேலே கூடு மாதிரி எழுப்பிவிடுவது. நம் மாதிரி மெல்லிய முடிக்காரிகளுக்கென்றே யாரோ கண்டுபிடித்த வரம். ஒரு மெட்டினி ஷோவுக்கு நானும் என்னிடம் தலை கட்டிக்கொள்கிற நாலு பேரும் சேர்ந்து போனோம். காலையிலேயே உட்காரவைத்து ஐந்து தலையையும், என்னுடையதும் சேர்த்து, என்னால் முடிந்த உயரத்துக்கு எழுப்பியிருந்தேன். மூன்றாவது வரிசையில் வரிசையாக உட்கார்ந்தோம். படம் ஓடத் தொடங்கியதும் பின்னால் ஒரு முனகல், அப்புறம் ஒரு இருமல், அப்புறம் நாற்காலி நகர்கிற சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். ஒரு சிங்களப் பெரியவர், மரியாதைக்காரர். எழும்பிப் போகவும் மனமில்லாமல், எங்களிடம் சொல்லவும் கூச்சப்பட்டு, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தார். வெட்கமாகிவிட்டது. அவருக்கு வழிவிட்டுக் கொஞ்சம் குனிந்தேன், நாலு பேரும் குனிந்தார்கள், பஃப் ஐந்தும் ஒன்றோடொன்று மோதிச் சாய்ந்தன. அவர் பதறிப்போய், தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "வேணாம் நோனா, நிமிர்ந்து இருங்க, படம் நாளைக்கும் இருக்கு, இந்தக் கொண்டை இருக்குமோ தெரியாது."

இத்தனை வருஷத்தில் ஒரு தலையிலும் ஒரு முடியைக்கூட நான் கூட்டியதில்லை, ஆனால் அதை எத்தனை தடவை சொல்லியும் மாத்தளையில் ஒருத்தரும் நம்பியதில்லை.