ஆவடி டிப்போவில் எடுத்த டிரெய்லர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து நாலாம் வருஷம், கத்திரி வெயிலில், தம்பி தேவராஜ் செத்ததைக் கோவிந்தன் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தான்.

ஆவடி மிலிட்டரி டிப்போவில் இருவருக்கும் பாரம் ஏற்றி இறக்கும் கலாசி வேலை. ஓடாமல் நின்றுபோன லாரிகளை டிரெய்லரில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். டிரெய்லரின் மேடை தட்டையானது, அசையாதது. அதன் பின்னால் இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்து, லாரியைக் கயிறு கட்டி மேலே இழுப்பார்கள். பலகை நழுவாமல் பக்கத்துக்கு ஒரு ஆள் தோள் கொடுத்து நிற்பான். அன்றைக்கு இடப்பக்கப் பலகை நடுவில் முறிந்தது. லாரி சரிந்து தேவராஜின் நெஞ்சின்மேல் விழுந்தது. விலா எலும்புகள் நொறுங்கிய சத்தம் கோவிந்தனுக்குத் தெளிவாகக் கேட்டது. “அண்ணாத்தே” என்று ஒரு தரம் கூப்பிட்டான் தேவராஜ். மறுபடி வாயைத் திறந்தபோது ரத்தம்தான் வந்தது.

“வேற பலக கொண்டாங்கடா” என்றான் மேஸ்திரி.

கோவிந்தன் பாய்ந்துபோய் அவன் கழுத்தைப் பிடித்தான். துப்பாக்கிக் கட்டையால் சிப்பாய்கள் அடித்த அடியில் முன்பற்கள் நான்கும் போயின. ஆள் பஞ்ச காலம் என்பதால் வேலையை விட்டுத் துரத்தவில்லை. வாய் வீக்கம் வடிந்த ஐந்தாம் நாள் அதே பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

யுத்தம் முடிந்தது. டிப்போவில் குவிந்து கிடந்த வண்டிகளைக் கழித்துக்கட்டத் தொடங்கினார்கள். உடைந்த லாரிகளையும் ஜீப்புகளையும் நசரத்பேட்டைக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் போட்டார்கள். கோவிந்தன் மேனாம்பேட்டில் ஒரு பழைய ஷெவர்லே லாரியை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த வண்டிகளை இழுத்துப்போகும் வேலையில் இறங்கினான். பெண்டாட்டி நாகவல்லியும் கூடவே வந்தாள். டிப்போ கட்டிய காலத்தில் கல்லும் மண்ணும் சுமந்தவள். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது, கயிறு முடிவது எல்லாம் அவள் கையில்.

செத்த வண்டியைக் கயிற்றில் கட்டி இழுத்துப்போனால் பாதி வழியில் அறுந்துவிடும். டிரெய்லர் இல்லாமல் முடியாது. நாற்பத்தாறாம் வருஷம் தை மாதம், டிப்போ மைதானத்தில் மூன்று டிரெய்லர்களை ஏலத்துக்கு முன்பே கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு முதல் சீட்டு. குலுக்கியதில் கோவிந்தனுக்கு ஒன்றாம் நம்பர் விழுந்தது; மூன்றில் எது வேண்டுமோ அதை முதலில் அவன் எடுத்துக்கொள்ளலாம்.

பூந்தமல்லி கான்ட்ராக்டர் கங்காதரனுக்கு இது பிடிக்கவில்லை. அந்தப் பாதையில் செத்த வண்டி இழுக்கும் வேலை முழுக்கத் தன்னுடையது என்று நினைப்பவன் அவன். குறுக்கே வந்த இரண்டு பேரை அதற்கு முன்பே அவன் ஆட்கள் அடித்துக் கை கால் ஒடித்திருந்தார்கள்.

மூன்று டிரெய்லர்களையும் கோவிந்தன் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தான். முதலாவது புதுப் பெயின்ட் அடித்தது, தட்டை மேடை, இரண்டு நல்ல தேக்குப் பலகைகளோடு. இரண்டாவது டாங்கி ஏற்றுவது. அதை இழுக்க ஷெவர்லேவுக்குத் தெம்பு போதாது. மூன்றாவது துருப்பிடித்துக் கிடந்தது. அதன் மேடை நடுவில் ஒரு கீலின்மேல் உட்கார்ந்திருந்தது.

“புதுசா கீற அத்த உட்டுட்டு இந்தத் துருவு இன்னாத்துக்குய்யா?” என்றாள் நாகவல்லி.

கோவிந்தன் முன்னாலிருந்த பூட்டுக் கம்பியை உருவி மேடையின் பின்பக்கத்தை மிதித்தான். மேடை முழுதும் சாய்ந்து, பின் விளிம்பு தரையைத் தொட்டது.

“பார்த்தியா? மேடையே எறங்கி வருது. வண்டி ஏறி நடுவைத் தாண்டுச்சுன்னா அதும் பாரத்துலயே படுத்துக்கும். கம்பிய சொருவிட்டா முடிஞ்சுது. பலகையும் வாணாம், தோளு குடுக்க ஆளும் வாணாம்.”

அடியில் மல்லாந்து படுத்துக் கீலைத் தடவிப் பார்த்தான். அச்சில் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டான். பூட்டுக் கம்பியைக் கழற்றி, தேய்மானம் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தான். முன்னாலிருந்த, கயிற்றைச் சுற்றி வண்டியை மேலே இழுக்கும் கைச்சுற்று விஞ்சின் பற்கள் ஒன்றும் உடையவில்லை. எழுந்து நின்றபோது கண் கலங்கியிருந்தது. “இது மட்டும் அன்னிக்கு இருந்திருந்தா…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அப்போதுதான் கங்காதரன் வந்தான். கூடவே அவன் அடியாள் நாகப்பன்.

“இன்னா கோவிந்தா, அந்தப் பெயின்ட் அடிச்சத எடுத்துக்கோ. இது எனக்கு ஓணும்.”

“மொதல் சீட்டு என்னுது. நான் இத்ததான் எடுக்கப்போறேன்.”

நாகப்பன் அறைந்த அறையில் கோவிந்தனுக்குக் காது அடைத்துக்கொண்டது. கீழே விழுந்தவனை இரண்டு உதை உதைத்தான். பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோவிந்தன் மண்ணைத் துப்பிவிட்டு எழுந்தான். நேரே குமாஸ்தாவிடம் போய், துருப்பிடித்த டிரெய்லரின் பேரில் ரேகை வைத்தான்.

“ரோட்டுல பார்த்துக்கறேன்டா” என்றான் கங்காதரன்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், இன்ஜின் போன மிலிட்டரி லாரி ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வேலப்பன்சாவடிக்குச் சற்று முன்னால் சாலை ஒரு மதகின்மேல் ஏறும். அந்த மேட்டின் உச்சியில் கட்டை வண்டி ஒன்றைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். கோவிந்தன் பிரேக் போட்டான். பனைமரங்களுக்குப் பின்னாலிருந்து நாகப்பனும் இன்னும் மூன்று பேரும் இரும்புத் தடிகளோடு வந்தார்கள்.

கதவைத் திறந்து கோவிந்தனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். டிரெய்லரின் பின்புறம்வரை தரையில் தேய்த்துக்கொண்டு போனார்கள். ஒருவன் அவன் வலது கையைக் கல்லின்மேல் வைத்து அழுத்திக்கொள்ள, நாகப்பன் தடியை ஓங்கி அடித்தான். இரண்டு விரல்கள் நசுங்கித் தொங்கின. அடுத்த அடி முழங்கையில் விழுந்தது.

“டிரெய்லர் ஓணுமாடா உனக்கு? இனிமே எந்தக் கைல புடிப்ப?”

நாகவல்லி லாரியின் மறுபக்கம் குதித்து ஓடி டிரெய்லர்மேல் ஏறினாள். “வுடுங்கடா! வுடலன்னா அவுத்து வுட்டுருவேன்!” என்று கத்தினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாகப்பன் இப்போது தலைக்குக் குறிபார்த்துத் தடியைத் தூக்கினான். அவள் சக்கரக் கட்டைகளை உதைத்துத் தள்ளினாள். பூட்டுக் கம்பியை உருவினாள். விஞ்சின் கொக்கியைத் தட்டிவிட்டாள்.

மேட்டில் நின்ற டிரெய்லரில் லாரி தானாகப் பின்னால் உருண்டது. நடுவைத் தாண்டியதும் மேடை தடாலென்று சாய்ந்தது. கோவிந்தன் உடம்பைச் சுருட்டிக்கொண்டு பள்ளத்தில் உருண்டான். மூன்று பேர் சிதறி ஓடினார்கள். நாகப்பன் மட்டும் திரும்பி நாகவல்லியைப் பார்த்தபடி ஒரு கணம் நின்றுவிட்டான். லாரி அவனைக் கீழே தள்ளி, பின்சக்கரம் அவன் இரண்டு தொடைகளின்மேலும் ஏறி நின்றது.

எலும்பு நொறுங்கும் அந்தச் சத்தத்தைக் கோவிந்தன் முன்பே ஒரு தரம் கேட்டிருக்கிறான். பள்ளத்திலிருந்து தவழ்ந்து வந்தான். நாகப்பன் கத்தவில்லை. “தண்ணி… தண்ணி…” என்று முனகினான்.

“சாவட்டும், வுடுய்யா!” என்றாள் நாகவல்லி. “உன் மண்டைய ஒடைக்க வந்தவன்.”

“கயிறு எடு” என்றான் கோவிந்தன்.

“உன் கைய பாருய்யா!”

“கயிறு எடுடீ!”

அவள் விஞ்சுக் கயிற்றை மாட்டினாள். கோவிந்தன் இடது கையாலும் நெஞ்சாலும் விஞ்சைச் சுற்றினான். அவளும் கைகொடுத்தாள். லாரி அங்குலம் அங்குலமாக மேலே போயிற்று. வலது கையிலிருந்து ரத்தம் சொட்டி மேடைப் பலகையெல்லாம் வழுக்கியது. நாகப்பனை இருவருமாக இழுத்தெடுத்து, அவளுடைய புடவைத் தலைப்பைக் கிழித்துத் தொடைகளை இறுக்கிக் கட்டி, குறுக்கே நின்ற கட்டை வண்டியைத் தள்ளி ஒதுக்கிவிட்டு, பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து கோவிந்தன் ஓட்ட, கியரை அவன் சொன்னபடி நாகவல்லி மாற்றினாள்.

கங்காதரன் கொலை முயற்சி என்று கேஸ் கொடுத்தான். நாகவல்லியைப் பதினொரு நாள் அடைத்து வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள், ஒரு கால் எடுக்கப்பட்டுக் கட்டிலில் கிடந்த நாகப்பன் போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்தான். “நாங்கதான் அடிக்கப் போனோம். கங்காதரன்தான் அனுப்பினான். அந்தம்மா கத்துச்சு, நாங்க கேக்கல.” அவளை விட்டார்கள். கங்காதரன் ஒன்றரை வருஷம் உள்ளே போனான்.

கோவிந்தனின் கையில் மூன்று விரல்கள் மிஞ்சின. முழங்கை மடங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி வண்டி எடுத்தான். நாகவல்லி வரமாட்டேன் என்றாள். லாரி உருண்டபோது நாகப்பன் திரும்பி அவளைப் பார்த்த பார்வை கண்ணை மூடினால் வருகிறது என்றாள். கோவிந்தன் வற்புறுத்தவில்லை. தேவராஜைப் பற்றி அவளிடம் ஒருநாளும் பேசாதவன், அன்றைக்கு உட்கார்ந்து ஆதியோடந்தமாகச் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள்.

மறுநாள் காலை அவன் லாரியைக் கிளப்பியபோது, இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு வந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.